பேட்டரி சைக்கிள் வாங்கப் போறீங்களா? மோட்டாரை விட சீட்டைப் பாருங்க: வடசென்னைக்கான செய்முறை விளக்கம்

எண்ணூரிலிருந்து பாரிமுனை வரைக்கும் மேடு என்று பார்த்தால் மேம்பாலங்கள்தான். இந்தத் தட்டைப் பூமியில் பெரிய மோட்டாருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அதை பேட்டரிக்கும் சீட்டுக்கும் ஒதுக்குங்கள். சாதா சைக்கிளில் மிதிக்கிற மிதியில் உடம்பு எடையில் ஒரு பங்கைக் கால் தாங்கிக்கொள்ளும். கைப்பிடியில் உள்ள த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) மட்டும் திருகிக்கொண்டு போகும்போது கிட்டத்தட்ட மொத்த எடையும் அசையாமல் சீட்டில் இறங்குகிறது. நல்ல வண்டிகூட மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: தூரக் கணக்கு

வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் பேட்டரியின் கொள்ளளவு வரும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் ஹவர் என்றால் சுமார் 280 வாட் ஹவர். பெடல் அசிஸ்ட்டில், அதாவது மிதிக்க மிதிக்க மோட்டார் உதவும் முறையில், மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட் ஹவர் செலவாகும். த்ராட்டில் மட்டும் என்றால் 15 வரை இழுக்கும்.

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போக வர சுமார் 20 கிலோமீட்டர். மிதித்தால் 200 வாட் ஹவரில் முடிந்துவிடும். மிதிக்காவிட்டால் 300 வேண்டும். காலடிப்பேட்டைப் பக்கம் வரும்போதே வண்டி படுத்துவிடும். பேட்டரி பழசாகப் பழசாகக் கொள்ளளவும் குறையும். அதனால் உங்கள் தேவைக்கு மேல் 30 சதவீதம் கூட்டி வாங்குங்கள். இந்தத் தூரத்துக்கு மிதித்து ஓட்டுபவர்களுக்கு 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் தாராளம்; த்ராட்டில் மட்டும் என்றால் 11 வேண்டும்.

படி 2: கடையில் பார்க்க வேண்டியவை

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. "ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டால் 40-ல் போகும் சார்" என்று கடைக்காரர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடுத்த அடுத்த நிமிடம் அது சட்டப்படி மோட்டார் வண்டி. பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள்.

கழற்றக்கூடிய பேட்டரி கட்டாயம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளைக் குறுகலான படியில் தூக்கிப் போக முடியாது. ஆனால் சார்ஜரைப் படிக்கட்டிலேயே மாட்டி வைக்காதீர்கள். பேட்டரியில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு இறங்க வேறு வழி இருக்காது. 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும், 48 வோல்ட்டின் சார்ஜர் 54.6 தரும். பக்கத்து வீட்டு சார்ஜரின் பின் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகக் கூடாது.

லுங்கி, சேலையோடு ஓட்டுபவர்கள் நடுக்கம்பி தாழ்ந்த பிரேமும் செயின் கவரும் உள்ளதாகக் கேளுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்கு டிஸ்க் பிரேக்கும் இரண்டு அங்குலத்தை ஒட்டிய டயரும் நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் மூலக்கடை மேம்பாலம் மாதிரி ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். த்ராட்டிலில் மட்டும் ஏறினால் வேகம் குறைவது இயல்பு, அது பழுதில்லை; கூடவே மிதிக்க வேண்டும்.

படி 3: எலும்பின் அகலம்

சீட்டில் உட்காருவது சதையில்லை, இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். அவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். மளிகைக் கடையில் ஒரு நெளி அட்டைப்பெட்டி வாங்கி, ஒரு துண்டு வெட்டி சிமெண்டுப் படியில் வையுங்கள். மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, குதிகாலை லேசாகத் தூக்குங்கள். அரை நிமிடம் போதும். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். தெளிவாக இல்லையென்றால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். குழியில் மட்டும் நிறம் ஒட்டாது. இரண்டு குழிகளின் மையத்துக்கு மையம் அளவெடுங்கள்.

12 செ.மீ. வந்தால், முன்னால் குனிந்து ஓட்டும் வண்டிக்கு 2 செ.மீ. கூட்டி 14, நிமிர்ந்து ஓட்டும் வண்டிக்கு 3 முதல் 4 கூட்டி 15 அல்லது 16. சீட்டின் பின்பாகத்தில் அதிக அகலமான இடம் இந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

இந்த அட்டையைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் புதைந்து போகிற சீட்டு வேண்டாம். பஞ்சு மெத்தை போலிருந்தால் எலும்பு உள்ளே இறங்கி, நடுப்பகுதி மேலே பிதுங்கி நரம்பை அழுத்தும், மரத்துப்போவது அதனால்தான். மேலே மாட்டும் ஜெல் கவரும் அப்படித்தான். சென்னை வியர்வையில் அது வழுக்கவும் செய்யும்.

படி 4: பொருத்துவது

உயரம்: சுவரைப் பிடித்து சீட்டில் ஏறி, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக வந்தால் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் தானாக லேசாக மடங்கும். சீட்டைத் தாங்கும் குழாயான போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக் கோடு வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் பிரேம் விரிசல் விடலாம்.

சிக்னலில் இரண்டு காலும் தரையில் படட்டும் என்று சீட்டை முழுதாக இறக்கிவிடுவது புதியவர்கள் பலரும் செய்வது. முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், எடை மொத்தமும் பின்னால் சாயும். சீட்டை இறக்காமல், நின்றதும் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

சாய்வு: கொத்தனாரின் ரசமட்டத்தை சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்துச் சமமாக்குங்கள். சீட்டின் மூக்கு (முன்முனை) தூக்கியிருந்தால் மரத்துப்போகும். தாழ்ந்திருந்தால் முன்னால் சறுக்கி உள்ளங்கை வலிக்கும். வலி பின்னால் இரண்டு புள்ளிகளில் மட்டும் என்றால் அது பழக்கமாகும் வலி, இரண்டு வாரம் பொறுக்கலாம். தொடையின் உள்பக்கம் உரசினால் சீட்டு அகலம் அதிகம். இடுப்பு பக்கவாட்டில் ஆடினால் உயரத்தை 5 மி.மீ. குறையுங்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஜீன்ஸின் நான்கு தையலும் சேரும் இடம் சரியாக சீட்டின் நடுவில் உட்கார்ந்து உறுத்தும், அதையும் மறக்காதீர்கள்.

சாலைக் குழிகளின் அதிர்வைக் குறைக்க ஸ்பிரிங் போஸ்ட் போடலாம். பழைய போஸ்ட்டின் அடியில் 27.2, 30.9 என்பது போல மி.மீ. அளவு பொறித்திருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) கொஞ்சம் கீழே வைத்தாலே அதிர்வு குறையும்.

காசிமேட்டு உப்புக்காற்றில் சீட்டின் அடிக்கம்பியும் கிளாம்ப் போல்ட்டும் சீக்கிரம் துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவி இறுக்குங்கள். வாட்டர் சர்வீஸ் வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் மோட்டாருக்குள் போய்விடும். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், சக்கரத்தின் அச்சு முங்குகிற ஆழம் என்று தெரிந்தால், சுற்றிப் போங்கள்.