ஓட்டுச்சாவடிக்குப் போகும் முன்பே செய்துவிடுகிற தவறுகள்

கையில் வாக்காளர் அட்டையோடு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனேன். அலுவலர் பட்டியலில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். என் மனைவியின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. "கார்டு இருக்கே சார்" என்றேன். "கார்டு இருந்தா பத்தாது, லிஸ்ட்ல பேர் இருக்கணும்" என்றார். வெளியே வந்து அரை மணி நேரம் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: வரைவுப் பட்டியல் வெளியானபோது நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அதனால் முதல் தவறு என்னுடையது. போன தேர்தலில் ஓட்டுப் போட்டோம், இந்த முறையும் பெயர் இருக்கும் என்று நம்பிவிடுவது. வீடு மாறினால், இரண்டு இடத்தில் பெயர் இருந்தால், சரிபார்க்க வந்தபோது கதவு பூட்டியிருந்தால் பெயர் போய்விடலாம். விடுபட்டிருந்தால் படிவம் 6, முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் பூட்டப்பட்டுவிடும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் வேண்டும் என்பதால் அதற்கு நன்றாக முன்பே கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணைக் கூப்பிடலாம். வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2019 முதல் அது அடையாள ஆவணமாகச் செல்லாது.

பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி, '49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். சுத்தப் பொய். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறு வாக்குப்பதிவு என்று அதே செய்தியில் வருவதும் கட்டுக்கதைதான். ஆனால் டெண்டர் ஓட்டு என்ற ஒன்று உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்து 49பி (49P) விதிப்படி வாக்குச்சீட்டு கேட்கலாம். அது தனி உறையில் போகும். சாதாரணமாக எண்ண மாட்டார்கள், வழக்கு வந்தால்தான் வெளியே வரும். எண்ண மாட்டார்களே என்று விட்டுவிடாதீர்கள். கள்ள ஓட்டு விழுந்ததற்கு நீங்கள் விட்டுவரும் தடயம் அதுதான்.

அடுத்தது, எனக்கு அதிகம் கோபம் வருகிற விஷயம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மிக்ஸி வாங்க ஐம்பது ரிவ்யூ படிக்கிறோம். ஐந்து வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவருடைய பிரமாணப் பத்திரத்தை ஒரு தடவைகூடத் திறப்பதில்லை. 2002-ல் உச்ச நீதிமன்றம் வாக்காளருக்கு வாங்கிக் கொடுத்த உரிமை இது. படிவம் 26 என்று பெயர். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும், வேட்பாளர் விவரம் தரும் அதன் கேஒய்சி (Know Your Candidate) ஆப்பிலும் சும்மாவே கிடைக்கிறது.

வழக்குகள் எத்தனை என்று எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள், என்ன பிரிவு என்று பாருங்கள். சாலை மறியலில் உட்கார்ந்ததற்குப் பத்து வழக்கு இருப்பவரும், மோசடிக்கு ஒரே ஒரு வழக்கு இருப்பவரும் என் கணக்கில் ஒன்றல்ல. நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா என்பதும் அதிலேயே இருக்கும். சொத்து அட்டவணையில் வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் என்று தனித்தனிக் கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு பழைய கார், அடுத்த கட்டத்தில் கிலோக் கணக்கில் நகை என்று இருந்தால் முழுதாகக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்து வருட வருமான வரிக் கணக்கும் சொத்து வளர்ந்த வேகமும் ஒட்டுகிறதா என்பது இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"காசை வாங்கிக்கிட்டு வேற ஆளுக்குப் போட்டா என்ன?" இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். சட்டப்படி கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி; ஓராண்டு வரை சிறை உண்டு. அதைவிட, ஊரே இதனால் தோற்ற கதை நமக்குப் பழசு. 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-ல் ஆர்.கே. நகரும், 2019-ல் வேலூரும் பணப் பட்டுவாடாவால் குறித்த நாளில் தேர்தலை இழந்தன. இன்னொரு பக்கம், வாங்கிவிட்டோம், மாற்றிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுபவர்களும் உண்டு. யாருக்குப் போட்டோம் என்று மெஷின் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் உங்கள் பெயர் கிடையாது. பூத் வாரியாக யாருக்கு எவ்வளவு என்பது வெளியே தெரியும், உண்மைதான். எந்த ஓட்டு யாருடையது என்பது தெரியாது.

அந்த 7 விநாடியை வீணாக்காமல் பெயரையும் சின்னத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் பலரை நிறுத்திக் குழப்புவது இங்கே பழைய வித்தை. 2024-ல் ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வங்கள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். மெஷினில் வேட்பாளரின் படம் இருக்கிறது, பட்டனை அழுத்தும் முன் முகத்தைப் பாருங்கள்.

யாரும் பிடிக்கவில்லை, நோட்டாவுக்குப் போட்டுப் பாடம் புகட்டுகிறேன் என்பவர்களுக்கு: 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு. அங்கேயும் ஒரு வேட்பாளர்தான் எம்.பி. ஆனார். நோட்டா எதிர்ப்பைப் பதிவு செய்யும், முடிவை மாற்றாது. அது தெரிந்து போடுங்கள், சரி.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். இரண்டு எண்களை மட்டும் சொல்வேன். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021-ல் தியாகராய நகரில் 137.

கடைசியாக, "வரிசை ரொம்ப நீளம், டைம் ஆயிடும்" என்று பாதியில் திரும்புபவர்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசைக்கு வந்துவிட்டால் போதும். மணி அடித்ததும் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுத்துக்கொண்டே வருவார்கள். டோக்கன் வைத்திருக்கும் கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை, இரவு எத்தனை மணி ஆனாலும், மெஷினை மூட முடியாது.