புரோகிராம் எழுத உட்காரும் முன் லைசென்ஸைத் திறந்து பாருங்கள்

மண்டபத்தில் ஒரு இறால் கம்பெனிக்குப் படகு வாரியாக எடை, ரேட், முன்பணம் எல்லாம் கணக்குப் போடும் புரோகிராம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், அதற்குள் முடித்துவிடலாம் என்று புரோகிராம் எழுதும் மென்பொருளுக்குக் கல்லூரியில் வாங்கிய மாணவர் லைசென்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். பாதி வேலை முடிந்த பிறகுதான் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் படித்தேன். படிப்புக்கு மட்டும், காசுக்குச் செய்யும் வேலைக்குக் கூடாது என்று பளிச்சென்று எழுதியிருந்தது. எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மென்பொருளில் முதலிலிருந்து எழுதினேன். உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில், யாருக்காகச் செய்கிறீர்கள் என்று பாருங்கள். புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியை எடுத்துக்கொள்வோம். தனி ஆளாகச் செய்ததை நீங்கள் தாராளமாக விற்கலாம். ஆனால் 250 கம்ப்யூட்டருக்கு மேல் வைத்திருக்கும், அல்லது வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனத்துக்கு அதில் எழுதித் தர முடியாது, அவர்கள் ஊழியரும் கூடாது, ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கும் நாமும் கூடாது (நிரலை எல்லோருக்கும் திறந்து தரும் ஓப்பன் சோர்ஸ் வேலை, பாடம் நடத்துவது மாதிரி சில விலக்குகள் உண்டு). நம் பக்கம் சின்ன ஆபீஸாகத் தெரியும், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்தான் இருக்கும், ஆனால் இறால் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்த வருமானம் பெரிய விஷயமே இல்லை. அதனால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். இதேபோல் இலவசமாகக் கிடைக்கும் டெல்ஃபை கம்யூனிட்டியில் வரம்பு இன்னும் குறைவு, உங்கள் வருஷ வருமானம் 5,000 டாலர்தான்.

அப்புறம், உங்கள் புரோகிராமோடு சேர்த்துக் கொடுக்கும் கோப்புகள். நீங்கள் எழுதியது உங்களுடையது, ஆனால் அது ஓடத் தேவையான லைப்ரரி (மென்பொருளோடு வரும் தயார் நிரல்) மென்பொருள் கம்பெனியுடையது. எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பட்டியலே இருக்கும். ‘ரீடிஸ்ட்ரிபியூட்’ (redistribute, பிறருக்குச் சேர்த்துக் கொடுப்பது) என்ற சொல்லைத் தேடினால் நேராக அங்கே போய் நிற்பீர்கள். பட்டியலில் இல்லாத கோப்பைச் சேர்க்காதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸிலும்கூட, அதை வைத்து இன்னொரு புரோகிராமிங் கருவி செய்யக்கூடாது, தங்கள் பொருளுக்குப் போட்டியாக எதையும் விற்கக்கூடாது என்று சில கம்பெனிகள் போட்டிருக்கும். கணக்குப் புரோகிராமுக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் வாங்குகிறவரே ஃபார்ம் வடிவமைத்து, ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளும்படி வசதி வைக்கிறீர்கள் என்றால் அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள், சந்தேகம் இருந்தால் விற்பதற்கு முன்பே அந்த மென்பொருள் கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரம்பெல்லாம் ஒத்துவராது என்றால் லசாரஸ், ஜிசிசி மாதிரி ஓப்பன் சோர்ஸ் கருவிகள் பக்கம் போகலாம். ஜிசிசி, நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் லைசென்ஸில் இருந்தாலும், அதில் கம்பைல் செய்த உங்கள் புரோகிராமை நிரலைக் காட்டாமல் மூடிய நிரலாகவே விற்கலாம், அதற்கென்றே, புரோகிராம் ஓடும்போது தேவைப்படும் ரன்டைம் லைப்ரரிக்குத் தனி விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும் சரி, இன்ஸ்டால் செய்த அன்றைக்கே லைசென்ஸ் கோப்பைத் தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே சேமித்துவிடுங்கள், அடுத்த பதிப்பில் விதி மாறியிருக்கலாம்.