ரகசியம் கசியாமல் குவெரிக்குப் பதில் சொல்வது எப்படி

தனிநபர் சம்பளத்தை மறைத்துவிட்டோம், மொத்தமும் சராசரியும் மட்டும்தான் காட்டுகிறோம், அப்புறம் என்ன கவலை என்று பலர் டேட்டாபேஸைக் குவெரிகளுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு, திறந்துவிடுகிறார்கள். ஒரு பிரிவில் 41 பேரின் மொத்தச் சம்பளத்தைக் கேட்கிறேன். அடுத்து, போன மாதம் சேர்ந்தவர்களைத் தவிர்த்து அதே மொத்தத்தைக் கேட்கிறேன். சேர்ந்தது ஒரே ஒருவர் என்றால் கழித்துப் பார்த்தால் போதும், அவருடைய சம்பளம் தெரிந்துவிடும்.

5 பேருக்குக் குறைவான குழுவுக்குப் பதில் கிடையாது என்று எல்லோரும் ஒரு விதி வைப்பார்கள். நீங்களும் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மேலே கேட்ட இரண்டு கேள்விகளிலும் குழு பெரியதுதான், விதி எதையும் தடுக்கவில்லை. இப்படிப் பெரிய குழுக்களை வைத்தே தனி ஆளைப் பிடிக்கலாம் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரதி டென்னிங்கும் அவருடன் எழுதியவர்களும் 1979-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் இதுவரை கொடுத்த பதில்களையெல்லாம் லாகில், அதாவது பதிவேட்டில், வைத்து, புதிய பதிலையும் அவற்றோடு சேர்த்தால் யாராவது ஒருவர் தனியாகப் பிரிந்து வருகிறாரா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாகக் கேட்கலாம் என்பதால், எல்லாப் பயனர்களையும் ஒரே ஆளாக நினைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

சரி, ஆபத்தான கேள்வி என்றால் மறுத்துவிடலாம்தானே? இங்கேதான் பெரும்பாலான அமைப்புகள் கோட்டை விடுகின்றன, ஏனென்றால் மறுப்பும் ஒரு பதில்தான். இன்னாருக்கு இந்த நோய் உண்டா என்று கேட்டால், இல்லாதவர்களுக்கு மட்டும் 'இல்லை' என்று சொல்லி, இருப்பவர்களுக்கு 'சொல்ல முடியாது' என்றால் ரகசியத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்னும் நுட்பமாகவும் இது நடக்கும். 4 பேரின் மதிப்புகளைக் கூட்டினால் 24 என்று பதில் சொல்லிவிட்டீர்கள். அடுத்து அதே 4 பேரில் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அது 6 என்றால் நான்கு பேருக்குமே 6 என்பது அம்பலமாகிவிடும், அதனால் அப்போது மட்டும் உங்கள் நிரல் மறுக்கிறது. மறுத்தவுடன் கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆகவே மறுப்பதா வேண்டாமா என்பதை உண்மையான தரவைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. கேள்வியின் வடிவம், முன்பு கேட்டவை, முன்பு சொன்ன பதில்கள், அதாவது கேட்டவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை மட்டும் வைத்து முடிவு எடுங்கள். எந்த மதிப்பு இருந்தாலாவது ரகசியம் போய்விடும் என்றால், எல்லா மதிப்புக்கும் சேர்த்தே மறுத்துவிடுங்கள். பயனுள்ள சில கேள்விகளும் இதனால் அடிபடும்தான், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எர்ரர் மெசேஜையும் விட்டுவிடாதீர்கள். 'அனுமதி இல்லை', 'அப்படி ஒரு பதிவே இல்லை' இரண்டுக்கும் ஒரே மெசேஜ்தான் வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வரிசை அளவில் அனுமதி வைத்து ஒரு பதிவை மறைத்திருந்தாலும், அதே மின்னஞ்சலை மறுபடி சேர்க்க முயன்றால், அங்கே ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற தனித்தன்மை விதி இருக்கும்பட்சத்தில், ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்விகள் நிறைய வரும் இடத்தில் மறுப்பை விடப் பதிலில் கொஞ்சம் தற்செயல் எண்ணைக் கலப்பதுதான் என் பார்வையில் நல்ல வழி. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த வழியில்தான் வெளியானது. எண்ணிக்கைக் கேள்வியில் ஒரு ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் பதில் 1-க்கு மேல் மாறாது, எனவே 1-ஐ எப்சிலானால் (எவ்வளவு கசிவை அனுமதிக்கலாம் என்று நாம் வைக்கும் அளவு, குறைந்தால் பாதுகாப்பு கூடும்) வகுத்த அளவில் லாப்லாஸ் இரைச்சல், அதாவது பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே வரும் தற்செயல் எண், சேர்க்கிறோம். எப்சிலான் 1 என்றால் 100-க்கு 95 தடவை விலகல் 3-க்குள்தான் இருக்கும், ஆயிரக்கணக்கானவர்களை எண்ணும்போது அது ஒரு பொருட்டே இல்லை. சம்பளக் கூட்டுத்தொகை என்றால் முதலில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உச்சவரம்பு வைத்து வெட்டிவிட்டு, அந்த வரம்புக்கு ஏற்ற இரைச்சலைச் சேர்க்க வேண்டும்.

ஒரே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டுச் சராசரி எடுத்தால் இரைச்சல் கரைந்துவிடும். முதல் தடவை கொடுத்த பதிலைச் சேமித்துவைத்து அதையே திரும்பக் கொடுங்கள். வேறு வார்த்தைகளில் சுற்றிவளைத்துக் கேட்பவர்களை அது தடுக்காது, அதற்குத்தான் பட்ஜெட். ஒவ்வொரு பதிலின் எப்சிலானும் கூடிக்கொண்டே போகும், மொத்த வரம்பைத் தொட்டதும் பதில் நின்றுவிட வேண்டும். அந்த வரம்பு எவ்வளவு, தொட்டபின் என்ன செய்வது என்பதையெல்லாம் தரவுக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரைச்சல் உருவாக்கும் நிரலை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள், ஓப்பன்டிபி மாதிரி பலர் சோதித்த நிரல் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி வழக்கமாகத் தசம எண்களை வைக்கும் ஃப்ளோட்டிங் பாயிண்ட் முறையில் லாப்லாஸ் இரைச்சல் சேர்த்தால் கடைசி பிட்களிலேயே உண்மைப் பதில் கசியும் என்று 2012-ல் நிரூபித்திருக்கிறார்கள்.