சைக்ளின் டி1 வெஸ்டர்ன் பிளாட்: பேண்ட் வரவில்லை என்றால் முதலில் செல்லைப் பாருங்கள்

சைக்ளின் டி1 என்பது செல் பிரியத் தூண்டும் ஒரு புரதம். வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதைக் கண்டுபிடிக்கும் முறை; புரதம் இருந்தால் பேண்ட், அதாவது ஒரு கோடு, தெரியும். முதன்முதலாக சைக்ளின் டி1 பிளாட் போட்டபோது எனக்குக் கிடைத்தது வெறும் வெள்ளை மெம்பிரேன். இரண்டாவது முறையும் அதேதான். ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, புதுக் குப்பி வாங்க விண்ணப்பம்கூட எழுதிவிட்டேன். பக்கத்து மேசை சீனியர் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "செல்லை எந்த நிலைமையில எடுத்தே?" தட்டு முழுக்க நெருக்கியடித்து வளர்ந்து, மூன்று நாளாக மீடியம் மாற்றாமல் கிடந்த செல்கள் அவை. அந்த நிலையில் சைக்ளின் டி1 எங்கே இருக்கும்?

இந்தப் புரதத்துக்கு வேலை, செல் சுழற்சியின் ஜி1 கட்டத்தில், அதாவது டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய கட்டத்தில். சிடிகே4, சிடிகே6 ஆகிய கைனேஸ்களோடு (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) சேர்ந்து, செல் பிரிவதற்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். ஆர்பியின் பிடி தளர்ந்ததும் செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கக் கிளம்பிவிடும். மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றில் சைக்ளின் டி1 அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. மேன்டில் செல் லிம்போமாவில் 11, 14ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் இதன் மரபணு ஓயாமல் இயங்குகிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப் மருந்து முடக்குவது அந்த இரண்டு கைனேஸ்களைத்தான்.

நமக்கு முக்கியமானது வேறு. இதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் அரை மணி. வளர்ச்சிக்கான சமிக்ஞை நின்றால் புதிதாக உருவாவது குறையும், இருப்பதும் சீக்கிரம் சிதைந்துவிடும்.

1. செல்

எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்லில் தொடங்குங்கள்; இதில் சைக்ளின் டி1 தாராளமாக இருக்கும். ஆறு குழித் தட்டில் 60 முதல் 70 சதவீதம் நிரம்பியிருக்கும்போது எடுக்க வேண்டும். முந்தின நாள் புது மீடியம் மாற்றிவிடுங்கள்.

கூடவே மூன்று மாதிரிகள். ஒரு குழியை 24 மணி நேரம் சீரம் (வளர்ச்சிக்கான சமிக்ஞை தரும் இரத்தத் திரவம்) இல்லாமல் பட்டினி போடுங்கள். இன்னொன்றை அப்படியே பட்டினி போட்டு, பிறகு 10 சதவீத சீரம் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து எடுங்கள். முதலாவதில் பேண்ட் மங்கி, இரண்டாவதில் எழும்பினால் ஆன்டிபாடி சரியான ஆளைத்தான் பிடிக்கிறது என்று நம்பலாம். மூன்றாவது, ஜர்கட் டி செல். அதில் டி3 என்ற உறவுப் புரதம் உண்டு, டி1 கிடையாது; அதனால் அங்கே பேண்ட் வரக் கூடாது.

ஒரு சின்ன விஷயம்: பட்டினி போடும் மீடியத்தில் ஃபீனால் ரெட் சாயம் வேண்டாம். அதனுடன் வரும் கலப்புப் பொருள் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும். எம்சிஎஃப்-7 ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் வளர்கிற செல். பட்டினி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

2. லைசேட்

லைசேட் என்பது செல்லை உடைத்து எடுக்கும் புரதக் கரைசல். அவசரப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான். டிரிப்சின் நொதி போட்டுச் செல்லைத் தட்டிலிருந்து கழற்றி, சுழற்றி, எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அதற்குள் பாதிப் புரதம் போய்விடும். தட்டை இன்குபேட்டரிலிருந்து நேராக ஐஸ் மேல் வையுங்கள். குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி, ஒட்டக் கவிழ்த்து வடித்துவிட்டு, குழிக்கு 150 மைக்ரோலிட்டர் ரிப்பா பஃபர் (செல்லை உடைக்கும் டிடர்ஜென்ட் கரைசல்) ஊற்றிச் சுரண்டி எடுங்கள். புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ், பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ் ஆகிய நொதிகளின் தடுப்பான்களைப் பஃபரில் அப்போதைக்கு அப்போது சேர்க்க வேண்டும், போன வாரம் கலந்து வைத்தது உதவாது.

20 நிமிடம் ஐஸில் வைத்து, கொஞ்சம் சோனிகேட் செய்து (ஒலி அலையால் உடைத்து), 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுங்கள். சைக்ளின் டி1 உட்கருவிலும் இருக்கும் என்பதால் சோனிகேட் செய்வதைத் தவிர்க்காதீர்கள். மேலே தெளிந்து நிற்பதுதான் லைசேட். அதில் உள்ள புரதத்தின் அளவைப் பிசிஏ முறையில் பாருங்கள். ரிப்பாவில் உள்ள டிடர்ஜென்ட் பிராட்ஃபோர்டு என்ற இன்னொரு அளவு முறையைக் குழப்பும்.

3. ஜெல், டிரான்ஸ்ஃபர்

12 சதவீத ஜெல். கிணற்றுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், சாம்பிள் பஃபரோடு 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஏற்றுங்கள். ஜெல்லை நீங்களே வார்த்தால் கையுறை கட்டாயம், உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு. பிவிடிஎஃப் மெம்பிரேனை மெத்தனாலில் நனைத்து, குளிரில் 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் ஜெல்லிலுள்ள புரதத்தை அதற்கு மாற்றுங்கள். முடிந்ததும் புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் பொன்சோ சாயம் போட்டு, எல்லாக் கிணற்றுக்கும் சமமாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

4. ஆன்டிபாடி

5 சதவீதப் பால் பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிளாக் செய்யுங்கள், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்கும். சைக்ளின் டி1ஐப் பிடிக்கும் முயல் மோனோகுளோனல் ஆன்டிபாடியை (பிரைமரி) 1000க்கு 1 என்று கலந்து, 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக ஆடவிடுங்கள். பாலில் கலப்பதா, பிஎஸ்ஏ என்ற மாட்டு ஆல்புமினில் கலப்பதா என்பதற்குக் குப்பியோடு வரும் தாளையே நம்புங்கள். காலையில் டிபிஎஸ்டி கழுவு கரைசலில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று கழுவல். அப்புறம் எச்ஆர்பி நொதி ஒட்டிய, முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடி, 5000க்கு 1, ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல், பிறகு எச்ஆர்பியோடு சேர்ந்து ஒளி தரும் ஈசிஎல் கரைசல். பிரைமரி கெடாமல் இருக்கச் சிலர் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அது செகண்டரி பக்கம் போகவே கூடாது, எச்ஆர்பியை முடக்கிவிடும்.

5. லோடிங் கன்ட்ரோல்

எல்லாக் கிணற்றிலும் சம அளவு ஏற்றியிருக்கிறோமா என்று காட்டும் புரதம்தான் லோடிங் கன்ட்ரோல். புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது ஜிஏபிடிஹெச். இங்கே அது வம்பு. சைக்ளின் டி1 வருவது 36 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு), ஜிஏபிடிஹெச் 37இல். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் பார்த்தால் எது எது என்று நீங்களே சொல்ல முடியாது. பீட்டா ஆக்டின் 42, அதுவும் பக்கத்து வீடுதான். 50ஐ ஒட்டி வரும் டியூபுலின் அல்லது அதற்கும் மிக மேலே நிற்கும் வின்குலின் எடுங்கள்; மெம்பிரேனைக் குறுக்கே வெட்டித் தனித்தனியாகவே ஓட்டலாம்.

6. என்ன வந்திருக்கிறது?

டியூபுலினும் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபரிலோ செகண்டரியிலோ கோளாறு. டியூபுலின் அழகாக வந்து 36இல் ஒன்றுமில்லை என்றால் முதல் படிக்குப் போங்கள், செல் என்ன நிலைமையில் இருந்தது என்று நோட்டில் பாருங்கள். ஜர்கட்டில் பேண்ட் தெரிந்தால்தான் ஆன்டிபாடி மேல் சந்தேகம் வர வேண்டும்; 36க்குக் கொஞ்சம் கீழே என்றால் அது டி3யைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது சிறு ஆர்என்ஏ கொண்டு டி1ஐ அடக்கிய எம்சிஎஃப்-7 லைசேட்டையும் ஓட்டிப் பாருங்கள். 36இல் நிற்பது அதில் மங்கவில்லை என்றால் புதுக் குப்பிக்கு விண்ணப்பம் எழுதலாம்.