வளவனூர் முன்னா, வழுதாவூர் முன்னா? புதிய ஜாவாஸ்கிரிப்டைத் தேடிப் படிக்கும் வழி

புதுச்சேரி, கடலூர் பக்கம் வெப் டிசைன் படிப்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ் இருக்கும். அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட், அதாவது வலைப்பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழி, இன்றும் ஓடும். உலாவிகள் பழையதைக் கைவிடுவது அபூர்வம். ஓடுகிறதே என்று நாமும் அதையே படித்துக்கொண்டிருப்போம், அதுதான் வினை.

படி 1: நோட்ஸின் வயதைப் பாருங்கள்

ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் வந்தது. அதற்கான தரநிலை, எக்மா-262, 1997-இல். பெரிய மாற்றம் 2015 பதிப்பில்: லெட், கான்ஸ்ட், கிளாஸ், பிராமிஸ், மாட்யூல் எல்லாம் அதில்தான் நுழைந்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. உங்கள் பாடத்தில் மாறியை அறிவிக்க எங்கு பார்த்தாலும் (லெட், கான்ஸ்டுக்குப் பதில்) பழைய ‘வார்’, பக்கத்தில் எழுத ‘டாக்குமென்ட்.ரைட்’ என்றிருந்தால் அது 2015-க்கு முந்தைய சரக்கு. ‘அட்டாச்ஈவென்ட்’ கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடலாம். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கானது. அந்த உலாவிக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வு கொடுத்துவிட்டது.

படி 2: கையில் ஒரு கேள்வியோடு தேடுங்கள்

சும்மா தேடினால் பத்து வருடப் பழைய பதில்தான் முதலில் வந்து நிற்கும். அதனால் நம்மூர்க் கேள்வி ஒன்றை எடுப்போம். பேருந்து நேரப் பக்கம் ஒன்று செய்கிறீர்கள். ஊர்களை அகரவரிசையில் காட்ட வேண்டும். குரோமில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் (நிரலை உடனே ஓட்டிப் பார்க்கும் இடம்) வழுதாவூர், வளவனூர், வடலூர் மூன்றையும் ஒரு அர்ரேயில், அதாவது பட்டியலில், போட்டு, வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கொடுங்கள். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்.) வடலூர், வளவனூர், வழுதாவூர் என்று வரும். தமிழ் வரிசையில் ய ர ல வ ழ ள. அதாவது வழுதாவூர்தான் வளவனூருக்கு முன்னால் வர வேண்டும்.

படி 3: எம்டிஎன்-இல் காரணத்தைப் படியுங்கள்

கூகுளில் கட்டளையின் பெயரோடு ‘எம்டிஎன்’ என்று சேர்த்துத் தேடுங்கள். மொசில்லா 2005-இல் தொடங்கிய இந்த ஆவணத் தளம்தான் நான் முதலில் போகும் இடம். ‘சார்ட்’ பக்கத்திலேயே விடை இருக்கிறது: அது எழுத்துகளின் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்குகிறது. யூனிகோடில் ள முதலில், ழ அடுத்து. அங்கிருந்து, அந்தந்த மொழியின் வரிசைப்படி சொற்களை ஒப்பிடும் ‘லோகேல்கம்பேர்’, ‘இன்டல்.கொலேட்டர்’ பக்கங்களுக்குப் போங்கள். தமிழுக்கான குறி ‘டிஏ’. அதைக் கொடுத்து ஒப்பிட்டால் வழுதாவூர் முன்னால் வந்துவிடும். தனி நிரல் எழுத வேண்டியதில்லை.

எம்டிஎன் தமிழில் இல்லை. ஆங்கிலம் தயக்கம் என்றால் விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளை முதலில் ஓட்டிப் பாருங்கள். முதல் பாடத்திலிருந்து கோவையாகப் படிக்க ஜாவாஸ்கிரிப்ட்.இன்ஃபோ நல்லது, இலவசம். ஏஐயிடம் கேட்டு வாங்கிய நிரலையும் எம்டிஎன்-இல் ஒருமுறை சரிபாருங்கள்; அதுவும் பழைய நோட்ஸைப் படித்து வளர்ந்ததுதான்.

படி 4: பேஸ்லைன் குறியைக் கவனியுங்கள்

எம்டிஎன் பக்கத்தின் உச்சியில் பேஸ்லைன் என்ற பட்டை ஒன்று இருக்கும். அந்த வசதி எல்லா உலாவிகளிலும் ஓடுமா என்று அது சொல்லும். ‘வைட்லி அவைலபிள்’ என்றால் தயங்காமல் எழுதலாம். ‘நியூலி அவைலபிள்’ என்றால் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்டது, ஆனால் 30 மாதம் ஆகவில்லை. ‘லிமிடெட்’ என்றால் ஏதோ ஒரு முக்கிய உலாவியில் இன்னும் இல்லை.

இது ஏன் முக்கியம்? ‘புதுச்சேரி’ என்ற சொல்லுக்கு ‘லெங்த்’ (நீளம்) கேட்டால் 10 என்று சொல்லும். கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. நாம் எண்ணுவது ஐந்து. ‘இன்டல்.செக்மென்டர்’ அந்த ஐந்தைத் தரும். ஆனால் குரோமில் 2020-இலேயே வந்த அது, பயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. உங்கள் வாடிக்கையாளரின் பழைய கணினியில் என்ன உலாவி என்று தெரியாமல் கைவைக்காதீர்கள். பதிப்பு வாரியாகப் பார்க்க ‘கேன் ஐ யூஸ்’ தளம் உண்டு.

படி 5: இன்னும் வராதவை

யூடியூபில் “புதுசு” என்று காட்டுவது எல்லாம் தரநிலை ஆகிவிடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை முடிவு செய்யும் டிசி39 குழுவின் கிட்ஹப் பக்கத்தில் அதன் ‘ஸ்டேஜ்’ (எந்தக் கட்டத்தில் இருக்கிறது) பாருங்கள். 4 என்றால் முடிவானது. அதற்குக் கீழே இருந்தால் வேடிக்கை பார்க்க மட்டும்.

படி 6: ஈஎஸ்லின்ட்

ஈஎஸ்லின்ட் என்பது நிரலைப் படித்துத் தவறுகளையும் பழைய பாணியையும் சுட்டிக்காட்டும் கருவி. அதில் ‘நோ-வார்’ (வார் கூடாது), ‘பிரிஃபர்-கான்ஸ்ட்’ (மதிப்பு மாறாததற்கு கான்ஸ்ட்) என்ற இரண்டு விதிகளை மட்டும் முதலில் போடுங்கள். மொத்த விதிகளையும் ஒரே நாளில் போட்டால் திரை முழுக்கச் சிவப்பாகி, கருவியையே கழற்றி எறியத் தோன்றும்.