விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவாதீர்கள்

பிள்ளை விரல் சூப்புவதை நிறுத்த விரலில் வேப்பெண்ணெய் தடவுவது தோட்டத்து வீடுகளில் இன்னும் நடக்கிறது. வேப்பெண்ணெய் சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். மிளகாய் தடவிய விரல் வாயோடு நிற்காது, கண்ணுக்கும் போகும். கோடாலித் தைலமும் வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள். அதட்டினால் பயத்தில் இன்னும் சூப்புவார்கள். தூக்கம், பசி, டிவி என்று எந்த நேரத்தில் விரல் வாய்க்குப் போகிறது எனக் கவனியுங்கள். டிவி நேரமென்றால் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்: பெரிய மூடியுள்ள காலி பிளாஸ்டிக் போத்தலைத் திருகித் திறக்கச் சொன்னாலே போதும். தூங்கும்போது கட்டிப்பிடிக்க ஒரு துணிபொம்மை. அசந்ததும் விரலை மெல்ல எடுத்துவிடுங்கள். கையில் பருத்திக் காலுறை மாட்டலாம், ஆனால் நூலோ ரப்பரோ போட்டுக் கட்டக்கூடாது, இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

பாட்டியும் ஆயாக்கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) ஆயாவும் இதையே செய்யாவிட்டால் வீட்டில் படும் பாடு வீண்.

நகக்கண்ணில் சீழ் பிடித்தால் உடனே கிளினிக். 4 வயதுக்கு மேலும் சூப்பினால், அல்லது மேல் முன்பற்கள் துருத்தினால், அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.