வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்: எலும்புப்புரையில் நாம் செய்யும் தவறுகள்

சமையலறை மேல்தட்டில் இருந்த காபிப்பொடி டப்பா பெரியம்மாவுக்கு எட்டாமல் போனபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வயசாச்சுல்ல" என்று சொல்லி டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். அடுத்த வருடம் பாத்ரூம் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், அவ்வளவுதான். பிறகு இடுப்பு எலும்பு முறிந்தபோதுதான் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டு அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 3.4. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் (ஆஸ்டியோபொரோசிஸ்).

உயரம் குறைந்ததும், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்ததும் அப்போதே கவனித்திருக்க வேண்டிய அறிகுறிகள். நாங்கள் வலிக்காகக் காத்திருந்தோம். எலும்புப்புரை முறிவு வரும்வரை பெரும்பாலும் வலிக்காது. முட்டி வலியையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முட்டி வலி பெரும்பாலும் மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது, அது வேறு நோய். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது, அதுவும் சத்தமில்லாமல்.

மணிக்கட்டு உடைந்த பிறகு ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தோம். ருசியான உணவுதான். ஆனால் எவ்வளவு கொதித்தாலும் எலும்பிலிருந்து சாறில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். தயிரில் சுண்ணாம்பு கலந்து சாப்பிடச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. வேண்டாம், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

சரி, எதில்தான் கால்சியம் இருக்கிறது? பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. "தினமும் பால் சாப்பிடுகிறேனே" என்று பெரியம்மா சொன்னது இரண்டு வேளை காபியில் விடும் பாலை. ஒரு டம்ளர் காபிக்கு 75 மில்லி பால் என்றால் 90 மில்லிகிராம்தான் தேறும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 175, 100 கிராம் முருங்கைக்கீரையில் 300க்கு மேல் இருக்கிறது. கூடவே இரண்டு கிண்ணம் தயிர், கொஞ்சம் எள்ளு, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி என்று சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது சொற்பம். கேழ்வரகை முளைகட்டியோ கூழாகப் புளிக்க வைத்தோ சாப்பிட்டால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். நம் பாட்டிமார் செய்த முறையே சரி.

கால்சியத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் தவறுதான். ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வயதானவர்களுக்குப் புரதம் போதாது. தசை வற்றும், தடுமாறி விழுவார்கள். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். உப்பு கூடக்கூடச் சிறுநீரில் கால்சியமும் போகும். ஊறுகாயையும் அப்பளத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

வைட்டமின் டி-க்காகக் காலை ஆறரை மணி இளவெயிலில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் அந்த நேரத்தில் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கையிலும் காலிலும் வெயில் பட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் அந்தக் கதிர்கள் வராது. அப்புறம், 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைப் பெரும்பாலும் வாரம் ஒன்று என்றுதான் எழுதித் தருவார்கள். அதைத் தினமும் கரைத்துக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்க்காதீர்கள்.

நடப்பது நல்லது. படி ஏறுவதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும் இன்னும் நல்லது. ஆனால் முதுகெலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. முதுகெலும்பு நொறுங்கிவிடக்கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஒன்று உண்டு. முறிவு ஏற்பட்ட பிறகும் "இயற்கையாகவே சரி பண்ணிக்கலாம்" என்று மருந்தை ஒதுக்குவது. பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. வலியை மாயமாக நிறுத்தும் அதே ஸ்டீராய்டு சில மாதங்களிலேயே எலும்பை அரித்துவிடும். எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமேப் ஊசியை நீங்களாக நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். நிறுத்துவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு போட வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் சாப்பிடக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அரை மணி ஆனதும் எழுந்துபோய் கீழ்த்தட்டிலிருந்து காபிப்பொடி டப்பாவை எடுப்பார்.